குற்றமே காணாத நல்லவர்களுக்கு

எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல மனசைப் பற்றி ஒரு நாள் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஈரோட்டுப் பக்கம், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் 19 வருஷமாக வேலை செய்கிறேன். துணியில் மரக்கட்டை அச்சுப் பதிப்பது, மண் விளக்குக்கு வண்ணம் தீட்டுவது, காகிதப் பை ஒட்டுவது என்று மூன்று பிரிவு. இளையவருக்கு 20 வயது, மூத்தவருக்கு 41. இத்தனை வருஷத்தில் எங்கள் வாசலுக்கு வந்து முகம் சுளித்துத் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. அந்த ஊரின் உப்பைத் தின்றவள் நான். கீழே எழுதுவதெல்லாம் நான் கண்ணால் கண்ட நல்லது.

முதலில் பொன்னாடை. ஐ.நா. சபை 1992-இல் டிசம்பர் 3-ஐ மாற்றுத்திறனாளிகள் நாளாக அறிவித்தது. அன்றிலிருந்து எந்த ஊர் மறந்தாலும் எங்கள் ஊர் அந்த நாளை மறந்ததில்லை. மழை பெய்தாலும் பந்தல் போடுவார்கள். மேடையில் எங்கள் மூத்த அச்சுக்காரரைக் கைப்பிடித்து ஏற்றி, பொன்னாடை போர்த்தி, கை தட்டுவார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் அவர். எங்களிடம் வந்து 17 வருஷம் ஆகிறது. அவர் வீட்டு பீரோவில் 17 பொன்னாடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அவருடைய அம்மா மடித்து, நடுவில் அந்துருண்டை வைத்து அடுக்கியிருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் சாயப் பட்டறையிலும் அச்சு மேஜையிலும் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் இத்தனை பொன்னாடை வாங்கியவர் வேறொருவர் இருக்க மாட்டார். அவர்களில் எல்லோரும் வாங்கிய ஒன்று, வாரக் கூலி, அவர் கைக்கு 16 வருஷம் வரவில்லை.

அடுத்தது சோறு. பிறந்த நாள், கல்யாண நாள், பெரியவர்களின் நினைவு நாள் என்று எங்கள் அடுப்பை மூட்ட வேண்டிய தேவையே பல நாள் வராது. வெறும் சாப்பாடு இல்லை, இலை போட்டு, வடை பாயசத்தோடு. பரிமாறுகிறவர்கள் குனிந்து, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ கண்ணு" என்று கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். பெற்ற தாயும் அவ்வளவு பொறுமையாகப் பரிமாற மாட்டாள். அவர்கள் 11 மணிக்கு வருவார்கள். வந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைப்போம். பாட்டு, வாழ்த்து, புகைப்படம். சாப்பாடு முடிய இரண்டு மணி ஆகும். அதற்குள் சாயத் தட்டில் குழைத்து வைத்த சாயம் ஆடை கட்டிவிடும். கட்டையின் செதுக்கலுக்குள் போன சாயம் இறுகிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்து எடுப்பதற்குள் வீட்டுக்குப் போகும் வேன் வந்துவிடும். மாதத்தில் பல நாள் இப்படி அன்பு வந்து வேலை நின்றுபோகும். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. நின்றுபோன வேலையைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை.

பிறகு அந்தச் சொல். "தெய்வக் குழந்தைங்க டீச்சர் இவங்கெல்லாம்" என்று கண் கலங்கிச் சொல்லாமல் எங்கள் படியை இறங்கியவர் குறைவு. எங்கள் மூத்தவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. தினமும் தானே சவரம் செய்துகொண்டு வருகிறார். வாக்காளர் அட்டை வைத்திருக்கிறார், தேர்தலுக்குத் தேர்தல் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார். அவரைவிடப் பத்து வயது சின்னவர்கள் வந்து அவர் கன்னத்தைத் தட்டி, "சாப்டியா செல்லம்?" என்று கேட்பார்கள். ஊரில் ஒரு தச்சருக்கோ தறிக்காரருக்கோ இப்படிப்பட்ட வாஞ்சை கிடைத்து நான் பார்த்ததில்லை. அவர்களை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், "என்னங்க, எப்ப முடியும்?" என்று கேட்கிறார்கள், முன்பணம் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தையை வேலை வாங்குவது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. 41 வயது மனிதரைக் குழந்தை என்று ஒருவர் மனசாரச் சொல்லிவிட்டால், அவருக்கு வேலை தரவில்லையே என்ற உறுத்தல் அதன் பிறகு வராது.

எங்கள் மக்களின் தாராளத்தைத் தீபாவளிக் கடையில் பார்க்க வேண்டும். விளக்கும் விரிப்பும் தலையணை உறையும் பரப்பி வைப்போம். கீரைக்கார அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்கள் எங்களிடம் விலையே கேட்பதில்லை. 500 ரூபாய்த் தாளை நீட்டி, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. விளக்கில் கீறல் இருக்கிறதா, எண்ணெய் ஒழுகுமா என்று யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு வருஷம் சூளையில் வேகாத விளக்கு ஒரு கட்டு தவறிப் போய் விற்பனையில் கலந்துவிட்டது. எண்ணெயை ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு அடியில் கசிகிற விளக்கு அது. திரும்பி வரும், திட்டு விழும் என்று ஒரு வாரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அத்தனை பெருந்தன்மை. அந்த விளக்கு ஏற்றப்படவே இல்லை என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

எங்களுக்கு நிறைய உதவி செய்த ஒரு அம்மா. அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு ஒரு ஏணியை வைத்துப் பரணிலிருந்து பெரிய பிளாஸ்டிக் கவரை இறக்கினார். அதற்குள் நாங்கள் விற்ற மேஜை விரிப்புகள். ஆறு வருஷத்து விரிப்பு. நாங்கள் கட்டிக் கொடுத்த சணல் கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. "உங்க பிள்ளைங்க செஞ்சதுல ஒண்ணைக்கூட நான் வீணாக்கலீங்க டீச்சர். எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். அவர் கண்ணில் இருந்த பெருமை உண்மையானது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஔவையாரின் நினைவு வந்தது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனவர் அவர். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டுகிறான். ஔவை புகழ்கிறார்: உன் வேல்கள் மயில் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. பள்ளியில் படிக்கும்போது அது ஒரு சாமர்த்தியமான பேச்சாக மட்டும் தெரிந்தது. அன்று அந்தப் பரணைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அதன் கூர்மை உறைத்தது. மாலை சூட்டி வைத்த வேல் என்றால், அது போருக்குப் போகவில்லை என்று பொருள்.

நாடும் அப்படித்தான் எங்களுக்கு மாலை சூட்டியிருக்கிறது. நம் மொழியைப் போல அழகான பெயர் கொடுத்த மொழி இருக்குமா? 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்றோம். திறன் என்பதைப் பெயருக்குள்ளேயே வைத்தோம். சட்டமும் நல்ல சட்டம். 1995-இல் வந்த சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் அந்த மூன்றில் இல்லை. 21 வருஷம் கழித்து 2016-இல் வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஒதுக்கீடு 4 சதவீதம் ஆனது. அந்த நாலாவது சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தனியார் நிறுவனங்கள் நூற்றுக்கு ஐந்து பேரையாவது எடுக்கும்படி, அரசு தன் வசதிக்கு ஏற்ப ஊக்கச் சலுகை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. தமிழக அரசு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இவை எல்லாமே கேட்டுக் கேட்டு, போராடிப் பெற்றவை. ஒன்றையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். 18 வயது முடிந்த மறுநாள் காலை, பள்ளி யூனிஃபார்மைக் கழற்றியவர் எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் அவற்றில் விடை இல்லை. பெரும்பாலோர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறார்கள். அங்கிருந்து அம்மாவின் கவலைக்குள் போகிறார்கள். "எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும் சாமி" என்று பெற்றவளே வேண்டிக்கொள்வதை என் காதால் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாயையும் 'தியாகத்தின் உருவம்' என்று மேடையில் புகழ்ந்திருக்கிறோம்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு எங்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்களைப் போன்ற மையங்கள் பொறுமைக்குப் பேர் போனவை. ஒரு வேலையைப் பத்துப் படியாக உடைப்போம், ஒவ்வொரு படியையும் நூறு முறை சொல்லிக் கொடுப்போம். எண்ணத் தெரியாதவருக்குப் பத்துக் குழி வெட்டிய பலகை ஒன்று வைப்போம். குழிக்கு ஒரு விளக்கு. எல்லாக் குழியும் நிறைந்தால் ஒரு கட்டு. எண்ணும் வேலையைப் பலகை பார்த்துக்கொள்ளும். அச்சு மேஜையின் ஓரத்தில் ஆணி அடித்து நூல் கட்டியிருப்போம். கட்டையின் மூலை நூலைத் தொட்டால் பார்டர் கோணாது. ஆட்டிசம் உள்ள ஒரு தம்பி இருக்கிறார். 32 வயது. அவருக்கு அந்த நூலும் வேண்டாம். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் மயிரிழை கூடினாலும் கையை எடுத்துவிடுவார். நாங்கள் அதைச் சரி செய்யும்வரை அடுத்த அச்சு விழாது.

இவ்வளவும் கற்றுக்கொடுத்தோம். கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் உறையில் போட்டுக் கொடுத்த தொகைக்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர் வைத்தோம். வேலைக்குத்தான் கூலி. இது பயிற்சி, பயிற்சிக்கு ஊக்கத்தொகை. டாக்டர் படிப்பே ஐந்தரை வருஷத்தில் முடிந்துவிடுகிறது. எங்கள் மூத்தவர் 16 வருஷம் பயிற்சியில் இருந்தார். அவ்வளவு நீளமான பயிற்சியை இந்த நாட்டில் வேறு யாருக்கும் யாரும் கொடுத்ததில்லை. எங்கள் ரிஜிஸ்டரில் 'பயிற்சி பெறுபவர்' என்ற தலைப்பின் கீழ் வருஷா வருஷம் அவர் பெயரை எழுதிய கை என்னுடையது.

என்னை அசைத்தது ஜூடித் ஸ்காட் என்ற பெண்ணின் கதை. 1943-இல் அமெரிக்காவில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம். காதும் கேட்காது. அதைக் கண்டுபிடிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. ஏழு வயதில் அரசுக் காப்பகத்தில் விட்டார்கள். ஏறக்குறைய 35 வருஷம் காப்பகங்களில் இருந்தார். வரைவதற்கான அறிவு இவளுக்கு இல்லை என்று கையில் இருந்த வண்ணக் குச்சிகளை வாங்கி வைத்துவிட்டார்களாம். பிறகு உடன்பிறந்த ஜாய்ஸ் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு, 1987-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்தில் சேர்த்தார். முதலில் எதிலும் மனம் ஒட்டவில்லை. அங்கே யாரும் அவசரப்படவில்லை. பிறகு நூலும் இழையும் வைத்து நடந்த ஒரு வகுப்பில், கிடைத்த பொருளை எடுத்து அதன்மேல் நூலைச் சுற்றத் தொடங்கினார். 2005-இல் இறக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார். ஆளுயரத்துக்குக்கூட நூல் சிற்பங்கள். 2014-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. 1974-இல் தொடங்கிய அந்தக் கலைக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. படைப்பு விற்றால் விலையில் பாதி படைத்தவருக்கு. பொன்னாடையைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை. விலையைப் பற்றிப் படித்தேன்.

நல்லவர்களை இவ்வளவு சொன்ன பிறகு, ஒரு கடுகடுப்பானவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கடை வைத்திருப்பவர். எங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. டிசம்பர் 3 என்ன நாள் என்பதும் அவருக்குத் தெரியாது. முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில்லை. முதல் முறை 40 தலையணை உறைக்கு ஆர்டர் கொடுத்தபோதே பைசா பைசாவாகப் பேரம் பேசினார். கொண்டு போய்க் கொடுத்த மூன்றாம் நாள் போன் வந்தது. "ஏனுங்க டீச்சர், இதென்னங்க பார்டர் கோணலாக் கிடக்குது? பதினோரு பீஸு இப்படி இருக்குது. இதை நான் யார் தலையிலங்க கட்டுறது? எடுத்துட்டுப் போயி மாத்திக் கொண்டாங்க."

நெஞ்சு பதறிவிட்டது. பதினோரு உறையையும் மேஜைமேல் பரப்பினேன். திட்டு வந்ததை மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. பதினாறு வருஷத்தில் அவர் கைவேலையில் குறை இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு உறையை எடுத்து, பார்டர்மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். கோணல் தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. அடுத்ததை எடுத்தார். அதிலும் அதே இடம். மேஜையின் அந்தக் கோடிக்குப் போனார். நூல் கட்டிய ஆணியைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. திரும்பி என்னைப் பார்த்து, "டீச்சர், ஆணி லூசு" என்றார்.

ஆணியை இறுக்கி அடிப்பது என் வேலை. அவருடைய கை சரியாகத்தான் இருந்தது. சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். அடித்தார். பதினோரு உறைக்கும் புதுத் துணி வெட்டி இரண்டு நாளில் அச்சுப் போட்டார். கடைக்காரர் ஒவ்வொன்றையும் பிரித்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, பார்டரை ஸ்கேல் வைத்து அளந்தார். பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் மற்ற அச்சுக்காரர்களுக்கு என்ன ரேட்டோ அதே ரேட், ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேரேட்டில் 'அச்சுக் கூலி' என்று எழுதி, அதன் நேரே எங்கள் மூத்தவர் பெயரைப் போட்டார். "அடுத்த செவ்வாய்க்கு அறுபது வேணும். பார்டர் ஜாக்கிரதைங்க" என்றார்.

அந்தப் பெயரைப் பேரேட்டில் பார்த்த அன்று சாயங்காலம்தான் எங்கள் ரிஜிஸ்டரில் 'பயிற்சி பெறுபவர்' என்பதை அடித்தேன்.

முதல் மூன்று மாதக் கூலியை அவர் செலவே செய்யவில்லை. அதைச் சொல்லும்போது அவர் அம்மாவுக்கே குரல் தழுதழுத்தது. தங்கை மகனுக்குக் காது குத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. கூலி இல்லாத காலமாக இருந்தாலும் மடி கொடுக்க அவரை உட்கார வைத்திருப்பார்கள்தான். சீர்த்தட்டை அவர் பெயரில் அம்மா வாங்கி வைத்திருப்பார். இந்த முறை குழந்தைக்குப் பட்டுச் சட்டையும் தங்கைக்குச் சேலையும் அவரே கடைக்குப் போய் வாங்கினார். சேலையை முழுசாகப் பிரித்து, பார்டரை விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுத்தாராம். மண்டபத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் முன்வரிசையில் இருந்தேன். "மாமன் எங்கப்பா? மாமனைக் கூப்பிடுங்க!" என்று ஆசாரி குரல் கொடுத்தார். அங்கே குழந்தை என்று ஒருவர்தான் இருந்தார். அவர் மாமன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

நல்லவர்களே, உங்களிடம் எனக்குக் குறை சொல்லும் தைரியம் 19 வருஷம் வரவில்லை. உங்கள் அன்பு பெரிது. அந்த அன்போடு ஒன்று செய்யுங்கள். பரணில் இருக்கிற எங்கள் விரிப்பைக் கீழே இறக்குங்கள். சணல் கயிற்றை அவிழ்த்து மேஜையில் விரியுங்கள். அச்சு சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கோணல் இருந்தால் எடுத்துக்கொண்டு வந்து எங்களைக் கேளுங்கள், ஆணியை இறுக்குகிறோம். சரியாக இருந்தால் அதன்மேல் இலை போட்டுச் சாப்பிடுங்கள். குழம்பு சிந்தட்டும். துவைத்துத் துவைத்து நூல் நையட்டும். நைந்த விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலை நாளில், அச்சு மேஜைக்கு வாருங்கள். அங்கே நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதே மாதிரி இன்னொன்று எப்போது கிடைக்கும், என்ன விலை என்று கேளுங்கள்.